முன்மாதிரி இழுவைக் குடும்பம்

கிளைவ் பெங்கெலியின் வண்டி, பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு ஓடும்போது, நூறு கிலோமீட்டருக்குப் பதினெட்டு லிட்டர் டீசல் குடித்தது. கடினா ஊரில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மனிதருக்குக் கவலைப்பட ஒரு எண் வேண்டியிருக்கிறது. சிலருக்கு ரத்த அழுத்தம், சிலருக்குச் சர்க்கரை. கிளைவுக்கு இந்தப் பதினெட்டு.

அதைக் குறைக்க அவர் எடுக்காத முயற்சி இல்லை. காற்றைக் கிழிக்கும் என்று சொன்னார்கள் என்று வண்டியின் கூரைமேல் சாய்வாக ஒரு பலகை பொருத்தினார். டீசல் குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டினார். அந்த வருஷம் கேரவன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் காந்தம் கட்டியிருந்தார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியாது, ஆனால் கட்டாதவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்கள். எடையைக் குறைப்பதற்காகப் பல் துலக்கும் பிரஷ்களின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார். இந்தச் சிக்கனச் சாதனங்களின் மொத்த எடை நாற்பத்தொரு கிலோ. பதினெட்டு, பதினெட்டரை ஆயிற்று.

அவர் மனைவி நோலீன், கடினா தபால் நிலையக் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவர். கையிலே பாதி பிரஷ்ஷோடு பல் துலக்கிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை கிளைவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் நோலீன் வண்டியை ஓட்ட வேண்டி வந்தது. வழக்கமாகக் கிளைவ் நூற்றுப்பத்தில் போகும் சாலையில் அவர் எண்பத்தைந்தில் போனார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பதினாலரை லிட்டர். கிளைவ் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது கணக்குல வராது நோல்," என்றார். "நீ மெதுவாப் போனே, அவ்வளவுதான். இதுல உத்தின்னு ஒண்ணுமே இல்லையே."

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கமும் இதே எண்ணைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தது. இழுவை வாகன எரிபொருள் சிக்கன மேம்பாட்டு அலுவலகம் என்று ஒன்று திறந்தார்கள். திறந்து ஒன்றரை வருஷம் அந்தப் பெயரைச் சுருக்குவது எப்படி என்று கூட்டம் போட்டுவிட்டு, இரண்டாவது காரியமாக ஒரு விளம்பரம் கொடுத்தார்கள். தூரப் பயணம் போகும் ஒரு குடும்பம் வேண்டும். அலுவலகத்தார் கூடவே வந்து, டீசல் குறையும் வழிகளைச் சொல்லிக்கொடுத்து, குறைவதை அளந்து எழுதிக்கொள்வார்கள். தேர்ந்தெடுக்கப்படும் குடும்பம் 'முன்மாதிரி இழுவைக் குடும்பம்' என்று அழைக்கப்படும்.

கிளைவ் நோலீனிடம் சொல்லாமல் மனுப் போட்டார். தேர்வாகிவிட்டது என்று கடிதம் வந்தபோது நோலீன் கேக்குக்கு மேலே சர்க்கரைப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். மேற்கே, சமவெளியைத் தாண்டி எஸ்பரன்ஸில் இருந்த அவர் தங்கை லொரெய்னுக்கு அறுபத்து நாலு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை ஒரு நண்டுப் படகுக்காரர். சனிக்கிழமை மூன்று மணிக்குத் தேவாலயத்தில் நோலீன் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றாக வேண்டும். கேக் மூன்று அடுக்கு, பதினாலு கிலோ. ஜூன் மாதத்திலிருந்து ரம்மில் ஊறிக்கொண்டிருந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டு நோலீன் மறுபடி பூச ஆரம்பித்தார். நாம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்போம், அவர்கள் ஓரமாக வந்து அளந்துகொள்வார்கள், ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகாது என்று கிளைவ் சத்தியம் செய்தார். கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். சாதாரணமாக அது நாலு நாள் பயணம்.

போர்ட் அகஸ்டா பொருட்காட்சி மைதானத்தில் அலுவலகம் காத்திருந்தது. திட்ட அலுவலர் காரத் ஓகில்வி, ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட, மிகவும் மரியாதையான மனிதர். கூட இரண்டு கார்கள். அவற்றோடு ஒரு வெள்ளை லாரி, வீட்டுச் சுவர் நகர்ந்து வந்தது மாதிரி உயரம். அளவுக் கருவிகள் எல்லாம் அதில் இருந்தன. ஓட்டுபவர் வின்கோ, போர்ட் லிங்கனில் சூரை மீன் ஏற்றிக்கொண்டிருந்தவர். லாரியோடு சேர்த்து வாடகைக்கு வந்திருந்தார்.

முதல் இரண்டு நாளும் 'சுமைப் பகுப்பாய்வு' நடந்தது. கேரவனில் இருந்த ஒவ்வொரு பொருளையும் வெளியே எடுத்து, எடை போட்டு, மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும்: அத்தியாவசியம், சௌகரியம், மன உணர்வு சார்ந்தது. முதல் வகை மட்டும்தான் கேரவனுக்குத் திரும்பும். தண்ணீர்த் தொட்டி சௌகரியம் ஆயிற்று. வார்ப்பிரும்புச் சட்டி, மடக்கு நாற்காலி, எரிவாயு உருளை எல்லாம் சௌகரியம். கிளைவின் காந்தத்தைப் பார்த்துவிட்டு ஓகில்வி கொஞ்ச நேரம் யோசித்து, மன உணர்வு என்று எழுதினார். பிறகு பெரிய அட்டைப் பெட்டியைத் திறந்தார்.

"இது என்ன மேடம்?"

"கேக்."

"எந்த உபயோகத்துக்கு?"

"திங்கறதுக்கு."

"பயணத்துல சாப்பிடுவீங்களா?"

"தொட்டா கையை உடைப்பேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு."

"அப்ப இது பயணத்துல உண்ணப்படாத உணவு." எழுபத்திரண்டு பக்கக் கையேட்டைப் புரட்டினார். "மன உணர்வுதான் மேடம். வேற வழியில்ல."

"என் புருஷனை எதுல போடுவீங்க, தம்பி?"

ஓகில்வி அதையும் புரட்டிப் பார்த்தார். "ஓட்டுநர் அத்தியாவசியம் மேடம். கூட வர்ற பயணிதான் சௌகரியம்."

கிளைவ் அந்த நேரத்தில் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்.

நீக்கிய சாமானை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. மைதானத்தில் போட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் எல்லாவற்றையும் அலுவலகத்து லாரியில் ஏற்றினார்கள். லாரியின் எடை ஆய்வு எல்லைக்குள் வராது என்பதால் இதில் எந்த முரண்பாடும் இல்லை என்று ஓகில்வி விளக்கினார். நோலீன் கேக்குப் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டுபோய் வின்கோவின் இருக்கைக்குப் பின்னால், கம்பளிக்கு நடுவில் வைத்தார். இதன்மேல் ஏதாவது சாய்ந்தால் என்ன நடக்கும் என்று வின்கோவிடம் தனியாகச் சொன்னார். வின்கோ தலையாட்டினார்.

புதன்கிழமை காலை ஊர்வலம் புறப்பட்டது. காற்றை அளக்கும் கருவி லாரியின் நெற்றியில் இருந்ததால் லாரி முன்னால் போயிற்று. பின்னால் கிளைவ், அவருக்குப் பின்னால் இரண்டு கார்கள். அன்று நல்ல மேற்குக் காற்று. சாலையின் இரண்டு பக்கமும் புதர்கள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. ஆனால் கேரவன் துளிகூட ஆடவில்லை. கிளைவ் கைகாட்டிய இடத்தில் மீட்டரைப் பார்த்த நோலீன் தமது கண்ணாடியையும் ஒருமுறை துடைத்துக்கொண்டார். பதினொன்று.

கிம்பாவில் வண்டியை நிறுத்தியதும் ஓகில்வி அளந்த எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போட்டார். பதினொன்று புள்ளி இரண்டு. கையேட்டின் நாலாம் அத்தியாயம் பலன் தந்துவிட்டது என்றார். நாலாம் அத்தியாயம் 'ஓட்டுநரின் மனநிலைப் பக்குவம்'.

"தம்பி, முன்னால மூணு ஆள் உயரத்துக்கு ஒரு லாரி போகுது," என்றார் நோலீன். "காத்து அது மேல அடிக்குது, எங்க மேல அடிக்கல. சாமான் பூரா அதுல இருக்கு. பதினொண்ணு வராம என்ன வரும்?"

"நீங்க சொல்றது சுவாரஸ்யமா இருக்கு மேடம். ஆனா லாரி ஆய்வுல இல்ல."

"சாலையில இருக்குதே."

"சாலையில இருக்கு. ஆய்வுல இல்ல."

நோலீன் கணவரைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய மனிதருக்கு எது காற்று, எது மனநிலை என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பதினொன்று அவர் கைக்கு வந்திருந்தது. "அந்த அத்தியாயம் கொஞ்சம் உதவியிருக்கலாம் நோல்," என்றார் மெதுவாக.

நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை அளவீடு. வண்டியை நிறுத்தி, டாங்கை விளிம்புவரை நிரப்பி, ஒன்பது கட்டமுள்ள படிவத்தை மூன்று பிரதி எழுதி, ஓட்டுநரின் மனநிலையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் லாரி எஞ்சினை அணைக்கக் கூடாது, கருவிகளுக்கு மின்சாரம் வேண்டும். அன்று இருட்டுவதற்குள் செடுனாவை எட்டிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

செடுனா கேரவன் பூங்காவில் கிளைவ் ரொட்டி வாங்கத்தான் போனார். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பதினொன்று என்ற சொல் அதற்குள் சமையல் கொட்டகை, துணி துவைக்கும் அறை எல்லாம் போய்விட்டது. கேரவன்காரர்கள் வந்து வந்து அவர் வண்டியின் டயரைத் தொட்டுப் பார்த்தார்கள். காந்தம் கட்டியிருந்தவர்கள் அதை அவிழ்த்தார்கள். மறுநாள் காலையில் நாலு கேரவன்கள் ஊர்வலத்தின் பின்னால் சேர்ந்துகொண்டன. நல்லர்பார் பெட்ரோல் நிலையத்தைத் தாண்டும்போது, சேர்ந்த கேரவன்கள் பதினொன்று ஆயின. எல்லாருடைய சாமானும் பகுக்கப்பட்டு லாரியில் ஏறியது. எல்லாருக்கும் மனநிலை பக்குவமாயிற்று. ஓகில்வி எல்லாருக்கும் பச்சை வட்டத்தில் 11 என்று அச்சிட்ட ஸ்டிக்கர் கொடுத்தார். எப்போது அச்சடித்தார் என்று நோலீனுக்குப் புரியவில்லை.

ஒரு நிறுத்தத்தில் கேக்கைப் பார்க்கப் போன நோலீன் வின்கோவிடம், லாரி எவ்வளவு குடிக்கிறது என்று யாராவது கேட்டார்களா என்று விசாரித்தார்.

"கேட்டாத்தானே அக்கா சொல்றதுக்கு," என்றார் வின்கோ. "ஐம்பத்தெட்டு. இன்னும் ரெண்டு குடும்பம் ஏறுனா அறுபத்தஞ்சு."

இதை ஓகில்வியிடம் சொன்னபோது, அலுவலக வாகனங்களின் எரிபொருள் வேறு பிரிவு, அந்தப் பிரிவை இந்தப் பிரிவு கேள்வி கேட்பது மரபல்ல என்றார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லைச் சோதனைச் சாவடிக்கு வந்தார்கள். மேற்கு மாநிலத்துக்குள் பழம், காய்கறி, தேன் எதுவும் கொண்டுபோகக் கூடாது. வருபவர்கள் தாமாகவே கொடுத்துவிட்டுப் போவார்கள். கிளைவ் ஒரு தேன் பாட்டிலையும் இரண்டு வெங்காயத்தையும் கொடுத்தார். ஒன்றரைக் கிலோ சுமைக் குறைப்பு என்று ஓகில்வி குறித்துக்கொண்டார். சோதனைக்காரப் பெண்மணி பிறகு லாரியைக் காட்டி, உள்ளே யார் சாமான் என்று கேட்டார். பன்னிரண்டு குடும்பத்துச் சாமான். எந்தச் சட்டி யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எந்தச் சட்டியில் உருளைக்கிழங்கு இருக்கிறது என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்துவிடலாமே என்று அந்தப் பெண்மணி மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு மணி நேரத்தில் பார்த்தும் முடித்துவிட்டார். மூன்று மூட்டை கிழங்கும் எட்டு ஆப்பிளும் போயின. கேக் வெந்த பண்டம் என்பதால் தடையில்லை; மற்றச் சாமானோடு அதுவும் லாரிக்குத் திரும்பியது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சாமான் ஒருமுறை இறங்கிவிட்டதால் பழைய பகுப்பாய்வு செல்லாது. பன்னிரண்டு குடும்பத்துக்கும் மறுபடி எடை போட வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இங்கேயே தங்கல் என்று ஓகில்வி அறிவித்தார். கேரவன்காரர்கள் தலையாட்டினார்கள். சிலர் நாற்காலியைத் தேடப் போனார்கள்.

நோலீன் கிளைவின் பக்கத்தில் போய் நின்றார். அவர் குரல் உயரவில்லை.

"நாளைக்கு மூணு மணிக்கு என் தங்கச்சி கல்யாணம், கிளைவ்."

"தெரியும் நோல்."

"இன்னும் தொள்ளாயிரத்து இருபது கிலோமீட்டர் இருக்கு. இவங்களை விட்டுட்டுக் கிளம்பு."

கிளைவ் மேற்கே பார்த்தார். காற்று முகத்தில் அறைந்தது. பிறகு மீட்டரைப் பார்த்தார், வண்டியில் ஒட்டியிருந்த பச்சை வட்டத்தைப் பார்த்தார். "இந்தக் காத்துல தனியாப் போனா இருபது கூட ஆகும்," என்றார். அது வாயிலிருந்து வந்த பிறகுதான் தாம் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது. அதற்குள் நோலீன் அங்கே இல்லை.

நாற்பத்து மூன்று வருஷ மணவாழ்க்கையில் நோலீனுக்கு அவ்வளவு வலித்தது அன்றுதான். அழவில்லை. கவுண்டரில் இருந்த காலத்தில் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்துவதுபோல, கைப்பையை மூடிக்கொண்டு லாரிக்குப் போனார். ஏறி, வின்கோவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நாளைக்கு மூன்று மணிக்குள் எஸ்பரன்ஸ் போக முடியுமா என்று கேட்டார். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் வின்கோ. அவரை வாடகைக்கு எடுத்த தாளில் எஸ்பரன்ஸ் வரை என்றுதான் எழுதியிருந்தது. வழியில் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

லாரி நகர்ந்தது. ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பன்னிரண்டு குடும்பத்துக்கும் ஒரே சமயத்தில் ஒரே விஷயம் புரிந்தது: பதினொன்று போய்க்கொண்டிருக்கிறது. நாற்காலியை அப்படியே வாரிப் போட்டுக்கொண்டு எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். கிளைவ்தான் முதலில் கிளம்பினார். மனைவிக்காகவா லாரிக்காகவா என்று பிற்காலத்தில் நோலீன் பல தடவை கேட்டார். ரெண்டும் ஒரே திசையிலதானே போச்சு என்று அவரும் பல தடவை பதில் சொன்னார். கடைசியாக ஓகில்வி, படிவங்களைக் காற்று கொண்டுபோகாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, காரில் துரத்தினார்.

அன்று கேய்குனாவில் தங்கி, விடியற்காலை புறப்பட்டு, சனிக்கிழமை இரண்டேகால் மணிக்கு எஸ்பரன்ஸ் தேவாலயத்தின் வாசலில் வெள்ளை லாரி நின்றது. பின்னால் பன்னிரண்டு கேரவன்கள், இரண்டு அரசாங்கக் கார்கள். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்றார்கள். கேக்கின் நடு அடுக்கு ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. நோலீன் விரலாலேயே சர்க்கரைப் பூச்சைத் தடவிச் சரிசெய்தார். லொரெய்ன் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு, இத்தனை பேரை எதற்குக் கூட்டிவந்தாய் என்று காதோடு கேட்டார். எல்லாரும் மாப்பிள்ளை பிடித்த நண்டைச் சாப்பிட்டார்கள். ஓகில்வி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கிளைவ் ஒரு தட்டில் கேக் எடுத்துக்கொண்டு நோலீனிடம் வந்து, பக்கத்தில் நின்றார். பிறகு, "நீ இறங்கினதும் பத்து புள்ளி எட்டு வந்துச்சு," என்றார். மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு வாயில் அதுதான் வந்தது. நோலீன் அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டாலும் கிளைவின் தட்டிலிருந்த கேக்கைத் திரும்ப வாங்கி வைத்துவிட்டார்.

ஆய்வறிக்கை எட்டு மாதம் கழித்து வந்தது. எல்லையிலிருந்து அளவீட்டுக்கு நிற்காமல் ஓடியது 'தொடர் அளவீட்டு முறை' என்று அதில் பாராட்டப்பட்டிருந்தது. பயணியை வேறு வாகனத்தில் அனுப்பினால் புள்ளி நாலு லிட்டர் மிச்சமாகும் என்பது நாலாவது பரிந்துரை. முதல் பரிந்துரை, மேற்கே போகும் கேரவன்கள் இனி அலுவலக லாரியின் பின்னால் குழுவாகப் போவது நல்லது என்பது. லாரிக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று அறிக்கையில் எங்கும் இல்லை. ஒழுங்குக்காகத்தான் லாரி என்று சொல்லியிருந்தார்கள். நோலீன் முழுவதும் படித்துவிட்டு, இதைக் கிழித்துக் குப்பையில் போட வேண்டும் என்றார். அறிக்கையோடு அவர் பெயருக்கு ஒரு கடிதமும் இருந்தது. அதில், ஆரம்பம் முதல் ஆய்வில் காட்டிய ஆர்வத்தைப் பாராட்டி, போர்ட் அகஸ்டா புறப்பாட்டு நிலையத்தின் கௌரவ ஒருங்கிணைப்பாளராக அவரை நியமித்திருந்தார்கள். சம்பளம் கிடையாது. ஒரு மேஜை, பெயர் எழுதிய ஆரஞ்சுச் சட்டை, ஒரு ரப்பர் முத்திரை.

முத்திரை என்ற சொல்லை நோலீன் இரண்டு தடவை படித்தார். கவுண்டரை விட்டு வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஏழு வருஷத்தில் அவருக்கு முன்னால் ஒரு தடவைகூட வரிசை நின்றதில்லை.

அடுத்த மார்ச் மாதம் மைதானத்தில் நூற்று நாற்பது கேரவன்கள் நின்றன. லாரி மூன்றுதான் ஓடியது. டோக்கன் வாங்கினால் ஒன்பது நாளில் முறை வரும். வெயில் நாற்பதைத் தொட்டதால் எல்லாரும் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். மைதானம் முழுக்க டீசல் புகை நீலமாகத் தேங்கி நின்றது. நிற்கும் வண்டி ஒரு கிலோமீட்டர்கூடப் போவதில்லை என்பதால் நூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று அதற்குக் கணக்குப் போட முடியாது. அதனால் யாரும் போடவில்லை. கிளைவ் வரிசையில் நாற்பத்தேழாவது. ஒருங்கிணைப்பாளரின் கணவர் என்பதற்காக அவரை முன்னால் விடும் வழக்கம் அந்த மேஜையில் இல்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம், தூசு படிந்த ஒரு சின்னக் கேரவன் வாசலில் வந்து நின்றது. ஒரு கணவன் மனைவி, ஐம்பது வயதிருக்கும், ஜன்னலை இறக்கி எஸ்பரன்ஸுக்கு இந்தச் சாலைதானே என்று கேட்டார்கள். இதே சாலைதான் என்ற நோலீன், இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிய டோக்கனைக் கிழித்து, முத்திரை குத்தி நீட்டினார்.

"எதுக்குங்க இது?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"லாரிக்கு. வர்ற வியாழனுக்கு அடுத்த செவ்வாய் உங்க முறை."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பரவாயில்லக்கா. நாங்க இப்படியே மெதுவாப் போய்க்கிறோம்," என்றார் அந்தப் பெண். வண்டி மெல்லத் திரும்பி, மேற்கே போகும் சாலையில் ஏறியது.

நூற்று நாற்பது வண்டிகளின் ஜன்னல் வழியாகவும் நூற்று நாற்பது குடும்பங்கள் அதைப் பார்த்தன. சிலர் தலையை அசைத்தார்கள். கிளைவ் ஓடும் எஞ்சினை விட்டு இறங்கி, மனைவியின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாவம்," என்றார் நோலீன், டோக்கனைக் கவனமாக மடித்துப் பெட்டிக்குள் போட்டபடி. "எவ்வளவு டீசல் வீணாகப்போகுதோ."